ஸீயஸை இன்னமும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா?

ஒலிம்பிக் சுடர் ஏற்றும் காட்சியைக் காணொளியில் பார்த்திருப்பீங்க. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில், ஹீரா தேவியின் இடிந்த கோயிலுக்கு முன்னால், நீண்ட மடிப்பு அங்கி அணிந்த பெண்கள் வரிசையாக வருகிறார்கள். தலைமைப் பூசாரியாக நிற்பவர் அப்போலோவை வேண்டுகிறார். குழிந்த கண்ணாடி சூரிய ஒளியைக் குவிக்க, தீப்பந்தம் பற்றிக்கொள்கிறது.

பார்ப்பதற்கு ஏதோ ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் போல இருக்கும். ஆனால் இந்தச் சடங்குக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1936 பெர்லின் போட்டிக்காகத் தொடங்கியது. பூசாரியாக வருபவர் ஒரு நடிகை. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக் போட்டியின் சுடரும் அங்கேதான் ஏற்றப்பட்டது. 2024 பாரிஸ் போட்டிக்குச் சுடர் ஏற்றிய நாளில் வானம் மேகமூட்டம். ஒத்திகையில் ஏற்றிப் பத்திரப்படுத்திய சுடரை எடுத்துக்கொண்டார்கள். அப்போலோ வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்!

ஆக, அது நாடகம். பார்ப்பவர்களுக்கும் தெரியும், நடிப்பவர்களுக்கும் தெரியும்.

சரி, அதே அப்போலோவிடம் நடிக்காமல், நிஜமாகவே வேண்டிக்கொள்கிறவர்கள் இன்று உண்டா?

உண்டு. எண்ணிக்கையில் குறைவு. ஆனால் கிரேக்கத்திலும் இருக்கிறார்கள், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கிரேக்க அரசாங்கம் அவர்களுடைய வழிபாட்டைச் சட்டப்படி ஒரு சமயமாக ஏற்றுக்கொண்டது. அது எப்போது தெரியுமா? 2017இல்தான்.

2007: ஸீயஸ் கோயிலில் ஒரு காலைப்பொழுது

ஏதென்ஸ் நகரின் நடுவே ஒலிம்பிய ஸீயஸ் கோயில் இருக்கிறது. கட்டத் தொடங்கியது கி.மு. ஆறாம் நூற்றாண்டில். முடித்தவர் ரோமப் பேரரசர் ஹேட்ரியன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். மொத்தம் 104 தூண்கள் இருந்த கோயில். இப்போது நிற்பவை 15. பதினாறாவது தூண் 1852ஆம் ஆண்டு புயலில் சாய்ந்து, அடுக்கி வைத்த காசுகளைத் தள்ளிவிட்டது போலத் தரையில் கிடக்கிறது.

2007 ஜனவரியில் ஒரு சிறு குழு அங்கே கூடியது. அமைப்பின் பெயர் எலினைஸ். பழங்கால உடை அணிந்து, துதி பாடி, உலக அமைதிக்காக ஸீயஸிடம் வேண்டிக்கொண்டார்கள். பழைய சமயத்துக்கு ரோமப் பேரரசு தடை விதித்த நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இடத்தில் நடந்த முதல் வழிபாடு அது என்றார்கள். கலாசார அமைச்சு அனுமதி தரவில்லை. நினைவுச்சின்னத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது அமைச்சின் காரணம். இருந்தாலும் வழிபாடு நடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏதென்ஸ் நீதிமன்றம் ஒன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. மறு ஆண்டு, 2008இல், அவர்கள் அக்ரோபொலிஸ் குன்றுக்கே போனார்கள். அங்கிருந்த சிற்பங்களைப் புதிய அரும்பொருளகத்துக்கு மாற்றுவதை எதிர்த்து, அதீனா தேவியிடம் முறையிட்டார்கள். அரும்பொருளகம் 2009இல் திட்டமிட்டபடி திறக்கப்பட்டது.

இந்தக் குழு மட்டுமல்ல. 1997இல் ஏதென்ஸில் உருவான இன்னோர் அமைப்பு இருக்கிறது. கிரேக்க எழுத்துகளின் சுருக்கமாக அதை ஈசே என்று அழைப்பார்கள். அங்கீகாரத்துக்காக நீண்ட காலம் போராடியது அந்த அமைப்புதான். அவர்கள் தங்கள் சமயத்தை 'ஹெலனியச் சமயம்' என்கிறார்கள். ஊடகங்கள் பல சமயம் 'பன்னிரு கடவுள் வழிபாட்டினர்' என்று எழுதும். திருச்சபைக்காரர்கள் சூட்டும் பெயர் வேறு: சிலை வணங்கிகள்.

அங்கீகாரம் என்றால் என்ன? எதற்காக அலைந்தார்கள்?

கிரேக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் தங்களை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அரசமைப்பின் 3ஆம் பிரிவு அதை நாட்டில் 'மேலோங்கி நிற்கும் சமயம்' என்கிறது. 13ஆம் பிரிவு மற்றவர்களுக்கும் வழிபாட்டு உரிமை தருகிறது. ஆனால் அதில் ஒரு சொல்லைக் கவனிக்கணும்: 'அறியப்பட்ட சமயம்'. அந்த வகைக்குள் வந்தால்தான் வழிபாட்டுக்கூடம் நடத்த அனுமதி எல்லாம் எளிது.

உலகம் முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட ஸீயஸ் யார், அதீனா யார் என்று தெரியும். ஆனால் அவர்களுடைய சொந்த ஊரில், சட்டத்தின் பார்வையில், அவர்களை வணங்குவது 2017 வரை 'அறியப்பட்ட' சமயம் அல்ல. என்னத்தைச் சொல்ல!

இது வெறும் காகிதச் சண்டை இல்லை. கிரேக்கர் என்றால் ஆர்த்தடாக்ஸ் என்பது அந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம். 2000ஆம் ஆண்டு வரை அடையாள அட்டையிலேயே சமயம் அச்சிடப்பட்டிருந்தது. அதை நீக்கியபோது திருச்சபை பெரிய போராட்டமே நடத்தியது. பதிவுத் திருமணத்துக்கு 1982இல்தான் வழி பிறந்தது. உடலைத் தகனம் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது 2006இல். நாட்டின் முதல் தகனச் சாலை இயங்கத் தொடங்கியது 2019இல். ஹோமரின் காவியத்தில் வீரர்களைச் சிதை மூட்டி எரித்த அதே நாடு. அதுவரை எரிக்க விரும்பியவர்களின் குடும்பம் உடலை அண்டை நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பிறப்பு, கல்யாணம், சாவு. ஒரு சமயத்தை நிஜமாகக் கடைப்பிடிப்பவருக்கு இந்த மூன்றுதான் முக்கியம். கதைகள் அப்புறம்.

அப்படின்னா, அந்தக் கதைகளையெல்லாம் நம்புகிறார்களா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஸீயஸ் அன்னமாக மாறிப் போனார், அதீனா அப்பாவின் தலையைப் பிளந்துகொண்டு பிறந்தார், குரோனஸ் பெற்ற பிள்ளைகளையே விழுங்கினார். இதையெல்லாம் நடந்ததாக நம்பும் ஆள் இந்தக் காலத்தில் இருப்பாரா?

கேள்வியே கொஞ்சம் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் பழங்காலக் கிரேக்கர்களிடமே யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஒரே வேதநூல் என்று எதுவும் கிடையாது. 'நான் இன்னின்னதை நம்புகிறேன்' என்று உறுதிமொழி சொல்லி உள்ளே நுழையும் பழக்கமும் கிடையாது. காதல் தேவி அப்ரோடைட்டி கடல்நுரையில் பிறந்தார் என்கிறார் ஹீசியட். இல்லை, ஸீயஸுக்கும் டயோனிக்கும் பிறந்த மகள் என்கிறார் ஹோமர். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. யாருக்கும் அது பெரிய பிரச்சினையாகவும் இல்லை. நாடகாசிரியர்கள் கதையை மாற்றி மாற்றி எழுதினார்கள். பரிசும் வாங்கினார்கள்.

மாற்றக்கூடாதது வேறு ஒன்று: வழிபாடு. எந்த மாதம், எந்த நாள், எந்த ஊரில், எந்தக் கடவுளுக்கு, என்ன படையல். அது ஊருக்கு ஊர் கறாராக இருந்தது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அடுப்புத் தீ ஹெஸ்டியா தேவிக்கு உரியது. வாசலுக்கு ஹெர்மீஸும் அப்போலோவும் காவல். சாமான் அறையில் ஒரு ஜாடி இருக்கும். கழுத்தில் கம்பளி நூல் சுற்றி, உள்ளே நீரும் எண்ணெயும் தானியமும் போட்டு வைப்பார்கள். அது ஸீயஸ். இடியைக் கையில் பிடித்த ஸீயஸ் அல்ல, வீட்டுச் சொத்தைக் காக்கும் ஸீயஸ். திரைப்படங்களில் இந்த ஸீயஸ் வரமாட்டார்.

கி.மு. 399இல் சாக்ரட்டீஸ்மீது வழக்குப் போட்டபோது சொன்ன முதல் குற்றச்சாட்டு, ஊர் ஏற்றுக்கொண்ட கடவுள்களை அவர் ஏற்கவில்லை என்பது. அங்கே பயன்பட்ட கிரேக்க வினைச்சொல்லுக்கு 'நம்புவது' என்றும் பொருள் சொல்லலாம், 'வழக்கப்படி மதித்து நடப்பது' என்றும் பொருள் சொல்லலாம். வழக்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்த வினை அது. அறிஞர்கள் இதை வைத்து இன்னும் வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேகப்பட்டவர்களும் அப்போதே இருந்தார்கள். சாக்ரட்டீஸுக்கு முன்பே செனோஃபனீஸ் என்பவர், ஒவ்வொரு இனமும் தன் சாயலிலேயே கடவுளைப் படைத்துக்கொள்கிறது, குதிரைக்கு வரையத் தெரிந்தால் அதன் கடவுளும் குதிரையாகத்தான் இருக்கும் என்ற பொருளில் கேலி செய்தார். பிறகு பலைஃபடஸ் என்பவர் புராணக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து 'உண்மையில் என்ன நடந்திருக்கும்' என்று விளக்கி ஒரு நூலே எழுதினார். பாதி மனிதன், பாதி குதிரையான செண்டார்? முதன்முதலில் குதிரை ஏறியவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கிளப்பிவிட்ட கதையாம். யோசித்துப் பார்த்தால், இன்றைய உண்மை சரிபார்ப்புப் பக்கங்களுக்கு அவர்தான் முன்னோடி.

பிரெஞ்சு வரலாற்று அறிஞர் பால் வெய்ன் 1983இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்கர்கள் தங்கள் புராணங்களை நம்பினார்களா என்பதுதான் தலைப்பு. ஒரே மனிதர் ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தைப் பல விதமாக நம்ப முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இன்றைய ஹெலனியர்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள். கதை வேறு, கடவுள் வேறு. கதை உவமை, கடவுள் உலகத்தில் இயங்கும் சக்தி. இது தப்பிக்கச் சொல்லும் நவீன விளக்கம் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்க. நான்காம் நூற்றாண்டில் சலுஸ்டியஸ் என்பவர் புராணங்களை வரலாறாக அல்ல, உவமையாகப் படிக்கச் சொல்லி ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். பழைய சமயத்தைக் காப்பாற்ற முயன்ற கடைசிப் பேரரசர் ஜூலியனின் நண்பர் அவர்.

மலை உச்சியில் யாருமே இல்லையே?

1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஒலிம்பஸ் மலையின் ஆக உயரமான மிடிகாஸ் சிகரத்தில் முதன்முதலாக மனிதர்கள் ஏறியதாகப் பதிவாகியிருக்கிறது. சுவிட்சர்லந்தைச் சேர்ந்த இருவர். வழிகாட்டியாக உள்ளூர்க்காரர் கிறிஸ்டோஸ் காக்கலோஸ். உயரம் 2,900 மீட்டருக்கும் மேல். மேலே மேகமும் பாறையும்தான் இருந்தன.

ஏறிப் பார்த்துவிட்டோம், கடவுள் இல்லை, கதை முடிந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே மலையின் இன்னொரு சிகரத்தில், ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரத்தில், பலிச் சாம்பலும் எலும்பும் பழங்கால நாணயங்களும் கிடைத்திருக்கின்றன. அதாவது, அந்தக் காலத்து மக்களே மேலே ஏறியிருக்கிறார்கள். நிறைய முறை ஏறியிருக்கிறார்கள். அங்கே மாளிகை இல்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். பார்த்துவிட்டும், படையல் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள்.

இடையில் என்ன நடந்தது?

392இல் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாட்டைத் தடை செய்தார். 529இல் ஜஸ்டினியன் காலத்தில் ஏதென்ஸின் தத்துவப் பள்ளியும் மூடப்பட்டது. தெற்கே, மலைகள் சூழ்ந்த மானி வட்டாரத்தில் மட்டும் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பழைய கடவுள்களை வணங்கினார்கள் என்று ஒரு பைசாந்தியப் பேரரசரே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை 'ஹெலனியர்' என்று அழைத்தார்களாம்.

ஹெலனியர் என்றால் கிரேக்கர்தானே, அதில் என்ன என்று கேட்பீங்க. அந்தக் காலத்தில் கிறிஸ்தவக் கிரேக்கர்கள் தங்களை 'ரோமர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 'ஹெலனியர்' என்றால் சிலை வணங்குகிறவர் என்று பொருள். ஒரு வசைச்சொல் மாதிரி. இன்று அதே சொல்தான் ஒவ்வொரு கிரேக்கரின் தேசிய அடையாளம்.

15ஆம் நூற்றாண்டில் பிளெத்தோன் என்ற தத்துவ அறிஞர் ஸீயஸை மையமாக வைத்துப் புதிய சட்டநூல் ஒன்றை ரகசியமாக எழுதினார். அவர் இறந்த பிறகு, திருச்சபைத் தலைவர் அதைத் தீயிலிட்டார். சில பகுதிகள் மட்டும் தப்பின.

ஆகவே நேராகச் சொல்லிவிடலாம்: கோயில், பூசாரி, திருவிழா என்று அறுபடாமல் வந்த சமயம் அல்ல இது. இப்போது நடப்பது மீட்டெடுப்பு. பழைய கல்வெட்டுகளையும் துதிப்பாடல்களையும் படித்து, பலர் சேர்ந்து மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'எங்கள் பாட்டி காலத்திலிருந்து ரகசியமாக வணங்கி வருகிறோம்' என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

ஆனால் பாட்டிமார்களிடம் வேறு ஒன்று இருந்தது.

எலியூசிஸ் கிராமத்துச் சிலை

ஏதென்ஸுக்குப் பக்கத்தில் எலியூசிஸ். விளைச்சலின் தேவி டிமீட்டரின் புனிதத் தலம். கோயில் அழிந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆன பிறகும், இடிபாட்டில் பாதி புதைந்த ஒரு பெரிய பெண் சிலையை ஊர்மக்கள் விடாமல் கவனித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஆனாலும் களத்துமேட்டில் இருந்த அந்தச் சிலையைச் சுற்றி எருவைக் குவிப்பார்கள். திருநாளில் விளக்கேற்றுவார்கள். அந்தச் சிலை இருக்கும்வரை வயல் விளையும் என்பது நம்பிக்கை.

1801இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயப் பயணி வந்தார். கிரேக்கம் அப்போது துருக்கியரின் ஆட்சியில். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிச் சிலையைத் தூக்கப் போனார். ஊர் கலங்கியது. முந்தைய நாள் மாலை, நுகத்திலிருந்து விலகிய ஒரு மாடு ஓடிவந்து சிலையை முட்டிவிட்டுக் கத்திக்கொண்டே வயல்வெளியில் ஓடியது என்று கிளார்க்கே எழுதியிருக்கிறார். இதைக் கொண்டுபோகும் கப்பல் உருப்படாது என்று ஊரார் சொன்னார்கள்.

1802இல் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே மூழ்கியது. சிலை மட்டும் மீட்கப்பட்டது. இன்று அது கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிட்ஸ்வில்லியம் அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்னொரு செய்தி: அது டிமீட்டரின் சிலையே இல்லை. கோயில் வாயிலைத் தலையில் தாங்கிய தூண் சிலைகளில் ஒன்று.

இந்த ஊர்மக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போனவர்கள். டிமீட்டரின் புராணம் படித்தவர்கள் அல்ல. யாராவது கேட்டிருந்தால் 'நாங்க கிறிஸ்தவர்கள்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். விளக்கு மட்டும் அணையவில்லை. கிரேக்கக் கிராமங்களில் மரணத்தை 'ஹாரோஸ்' என்று ஓர் ஆளாகவே பேசுவார்கள். ஆத்மாக்களைப் படகில் ஏற்றிப்போகும் பழைய காரோனின் பெயர்தான் அது. நீர்நிலைகளில் இளைஞர்களை மயக்கும் 'நெராய்டஸ்' பெண்கள், பழைய கடல் தேவதைகளின் பெயரை வாங்கியவர்கள். இருபதாம் நூற்றாண்டிலும் இதற்கெல்லாம் பயந்தவர்கள் உண்டு.

கிரேக்கத்துக்கு வெளியே

அமெரிக்காவில் ஹெலினியன் என்ற அமைப்பு 2001இல் தொடங்கியது. இணையத்திலும் இளையர்கள் நிறையப் பேர். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் சின்ன பீடம், ஒரு மெழுகுவத்தி, கிண்ணத்தில் தண்ணீரோ மதுவோ தேனோ. முதல் படையலும் கடைசிப் படையலும் ஹெஸ்டியாவுக்கு. உயிர்ப்பலி கிடையாது, சாம்பிராணி, பார்லி, பழம் போதும். இவர்களில் சிலருக்கு இந்தக் கடவுள்களை அறிமுகம் செய்து வைத்தது பெர்சி ஜாக்சன் நாவல்கள். சிரிக்க வேண்டாம், கோயிலில் கேட்ட கதையைவிடப் படக்கதையில் படித்த கதை மனத்தில் நின்றுபோன அனுபவம் நமக்கும் இருக்கும்.

இங்கே ஓர் உரசலும் இருக்கிறது. இது கிரேக்க இனத்தின் பரம்பரைச் சமயம் என்று சிலர் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வணங்கலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். பரம்பரைப் பேச்சு முற்றினால் எங்கே போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: கிரேக்கத் தீவிர வலதுசாரிகளில் சிலர் பழைய கடவுள்களையும் சின்னங்களையும் இனவெறிக்குக் கொடியாகப் பிடித்தார்கள். அமைதியாகச் சாம்பிராணி போடுகிறவர், தான் அந்தக் கூட்டம் இல்லை என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி

தமிழில் 'புராணம்' என்று சொன்னால் அது பொய் என்ற அர்த்தம் தானாக வருவதில்லை. பெரிய புராணம் என்கிறோம், கந்த புராணம் என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் 'மித்' என்ற சொல்லுக்குப் புராணக் கதை என்றும் பொருள், தவறான நம்பிக்கை என்றும் பொருள். மூலமான கிரேக்கச் சொல் 'மித்தோஸ்' ஆரம்பத்தில் பேச்சு, சொல், கதை என்பதைத்தான் குறித்தது.

புத்தகக் கடைக்குப் போனால் 'மித்தாலஜி' அலமாரியில் ஸீயஸுக்குப் பக்கத்திலேயே நம்ம முருகனும் பிள்ளையாரும் இருப்பார்கள். பைபிள் வேறு அலமாரியில். அடுக்கியவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் வீட்டில் விளக்கேற்றும் பழக்கம் உள்ளவருக்கு ஒரு நொடி உறுத்தும். ஏதென்ஸில் இருக்கும் ஹெலனியருக்கு அந்த உறுத்தல் ஒரு நொடி அல்ல, தினமும்.

2017க்குப் பிறகு அவர்கள் கூடி வழிபடச் சட்டப்படி இடம் உண்டு. பழைய கோயில்கள் மட்டும் இன்னமும் அவர்களுடையவை அல்ல. தொல்லியல் தலங்கள், கலாசார அமைச்சின் பொறுப்பில். நுழைவுச்சீட்டு வாங்கினால் யாரும் உள்ளே போய்ப் படம் எடுக்கலாம். அதீனாவுக்குப் படையல் வைக்க வேண்டுமென்றால், முதலில் அமைச்சிடம் அனுமதி கேட்கணும்.